நாக்கு கட்டிய மணி

இப்போது கைடு வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் வண்டியில் ஆளை ஏற்றியதும் முதலில் என்ன கேட்கிறீர்கள்? சைவமா அசைவமா, மத்தியானச் சாப்பாடு எங்கே. நல்ல கேள்விதான். பசித்தவர் கண்ணுக்குக் கோட்டையும் தெரியாது, அருவியும் தெரியாது. நான் இந்தத் தொழிலுக்கு வந்த காலத்தில் முதல் கேள்வி வேறு. ‘உங்களுக்கு எந்த ஊரு?’ அதையும் முகத்துக்கு நேராகக் கேட்டுவிடக் கூடாது. காப்பி ஆறிக்கொண்டிருக்கும்போது, மழை வருமா என்று மேலே பார்த்துக்கொண்டே, போகிற போக்கில் கேட்க வேண்டும்.

ஊர் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தெரிந்த மாதிரி. இவரை எந்தத் தெருவில் இறக்கலாம், எந்தத் தெருவில் நிறுத்தாமல் ஓட்டிப் போக வேண்டும், எந்தக் கிணற்றிலிருந்து தண்ணீர் வாங்கிக் கொடுக்கலாம் என்று மனதுக்குள் ஒரு கோடு போட்டுக்கொள்வோம். ஏனென்றால் வழியில் மறிப்பவர்கள் வந்தவரைக் கேட்பதில்லை. கூட்டிக்கொண்டு வந்தவனைத்தான் கேட்பார்கள். கைடு சொல்லும் பதில்தான் அவருக்கு அனுமதிச் சீட்டு. நம் தொழிலில் கற்றுக்கொள்ள வேண்டியது கோட்டையின் கதை இல்லை, அந்தப் பதில்தான் என்று அன்றைக்கு நினைத்திருந்தோம்.

ஒரே ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் வெளியூரிலிருந்து வருகிறவர்களை ஒரே நாளில் சுற்றிக் காட்டிவிடுவோம். காலையில் உதயகிரிக் கோட்டை, பிறகு திற்பரப்பு அருவி, திரும்பும் வழியில் ஒரு பெரிய கோயில், சாயங்காலம் கன்னியாகுமரியில் சூரியன் இறங்குவது. நான் பேச்சு, மீரான் வண்டி. மீரான் கோட்டாற்றுக்காரன், என் வயதுதான். அவனுக்கு இரண்டு பாஷை தெரியும்: ஒன்று தமிழ், இன்னொன்று என்ஜின். மரியாதையாகப் பேசுவது என்ஜினோடு மட்டும்தான்.

அன்றைக்கு வந்தவர் பினாங்கிலிருந்து வந்திருந்தார். அங்கே ரயில்வேயில் நல்ல உத்தியோகம். ஐம்பதை நெருங்கிய வயது. வெள்ளை டிரில் கோட்டு, பாலிஷ் போட்ட ஷூ, தலையில் சோலாத் தொப்பி. கையில் கனமான ஒரு துணிப்பை. அதைப் பின்சீட்டில் வைக்க மீரான் வாங்கினான். கனத்தைப் பார்த்துவிட்டு ஒரு குலுக்குக் குலுக்கினான்.

“சார், இது என்ன, பித்தளையா?”

“மணி. கோயில் மணி.”

“சத்தம் வரலியே?”

“வராது. நாக்கைத் துணி சுத்திக் கட்டியிருக்கு. எங்க அப்பா கட்டினது. மொத சத்தம் சாமி முன்னால தான் கேக்கணும்னு சொல்லிக் கட்டினாரு.”

அவருடைய தமிழைக் கேட்டு நான் திகைத்துவிட்டேன். பினாங்குத் தமிழ் என்று நினைத்தால் நம் ஊர்த் தமிழ். அதுவும் என் பாட்டனார் காலத்துத் தமிழ். தொப்பிக்குக் கீழே ஒரு பனங்காட்டு மனிதர் பேசிய மாதிரி இருந்தது. நான் வானத்தைப் பார்த்துக்கொண்டே என் கேள்வியைக் கேட்டேன். அவர் தயங்கவே இல்லை. புதுக்கடைக்குத் தெற்கே பனங்காட்டுக்குள் உள்ள ஒரு விளையின் பெயரைச் சொன்னார். முகமெல்லாம் சந்தோஷம்.

அந்தப் பெயரைக் கேட்டதும் மீரான் என்னைப் பார்த்தான், நான் மீரானைப் பார்த்தேன். அந்த விளையில் பனையேறுகிறவர்கள் மட்டும்தான் குடியிருந்தார்கள். பெயரைச் சொன்னாலே ஆள் யார் என்று இந்தச் சீமையில் எல்லோருக்கும் தெரியும். அவர் நெற்றியில் மெல்லிய கோடாகத் திருநீறும் இருந்தது.

உங்களில் பலருக்கு இது விளங்காது, அதனால் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெரிய கோயிலுக்குப் போகிற தெருவின் தலைப்பில் ஒரு கல் நட்டிருந்தார்கள். பனையேறிகளும் அவர்களைப் போல ஒதுக்கப்பட்டவர்களும் அந்தக் கல்லுக்கு இப்பால்தான் நிற்கலாம். கோயிலுக்குள் போவது இருக்கட்டும், தெருவிலேயே கால் வைக்க முடியாது. எந்தக் கோயில் என்று எழுதவில்லை. அன்றைக்கு எல்லாக் கோயில் தெருவும் ஒன்றுதான்.

இதில் என் கதை ஒன்று இருக்கிறது. நெய்யூர்ப் பக்கத்தில் என் பாட்டனாரும் பனையேறிதான். அவர் ஞானஸ்நானம் பெற்றதால் நான் வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன். வேதக்காரன் அந்தத் தெருவில் நடக்கலாம். அதனால்தான் எனக்கு இந்தத் தொழிலே கிடைத்தது.

மீரான் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு என்னைக் கூப்பிட்டான்.

“ஏ ஞானமுத்து, கேட்டியா? நீ அந்தத் தெருவுல போலாம். நான் போலாம். இந்தக் காருல ஒரு ஆட்டை ஏத்திக்கிட்டுப் போனாலும் விடுவான். சாமி கும்பிட வந்த மனுசன் மட்டும் போவப்பிடாது. கொள்ளாம்லா, நல்ல ஏற்பாடுல்லா?”

“பைய பேசுடே. காதுல விழும்.”

“விழட்டும். எப்படியும் மத்தியானம் விழத்தானே போவுது?”

உதயகிரிக் கோட்டைக்குப் போனோம். அங்கே மகாராஜாவின் படையைப் பழக்கிய டச்சுக்காரத் தளபதியின் கல்லறை இருக்கிறது. சண்டையில் தோற்று, பிடிபட்டு, பிறகு ராஜாவுக்கே தளபதியான ஆள். வழக்கம்போல் அந்தக் கதையை நீட்டி முழக்கினேன். நம்மவர் கல்லறையைச் சுற்றி வந்தார்.

“எந்தத் தேசத்துக்காரரோ. கோட்டைக்குள்ளேயே எடம் குடுத்திருக்காங்க. நல்லது” என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அருவிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. அவர் கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினார். நானும் மீரானும் பாறையில் உட்கார்ந்தோம்.

“டயரு பஞ்சர்னு சொல்லிரட்டா?” என்றான் மீரான். “பொய்யும் வேண்டாம், ஆணி ஒண்ணு இருக்கு, நானே குத்துகேன். என் டயருதானே. கோயிலு நடை சாத்தின பொறவு போயிச் சேருவோம். மனுசன் மனசு நோவாது.”

தம்பிகளே, வண்டியைத் தாமதப்படுத்துவது நம் தொழிலில் ஒரு கலை. வேண்டாத இடத்துக்கு நேரம் கடந்து போய்ச் சேருவதும், வந்தவர் அதற்குத் தன்னையே நொந்துகொள்ளும்படி செய்வதும் எனக்குக் கைவந்த வித்தை. அன்றைக்கு அது வேண்டாம் என்று தோன்றியது. கடல் தாண்டி மணி சுமந்து வந்தவரை ஆணி வைத்து ஏமாற்றக் கூடாது. அவர் துவட்டிக்கொண்டு வந்ததும் சொல்லிவிட்டேன். கல்லைப் பற்றி, தெருவைப் பற்றி, காவலைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சிரித்தார்.

“தம்பி, அந்தக் கல்லைப் பத்தி எனக்கா சொல்லுதீங்க? கைப்பிள்ளையா இருக்கும்போது எனக்குக் காய்ச்சல் வந்து கண்ணு செருகிட்டாம். எங்க அப்பா என்னைத் தோளுல போட்டுக்கிட்டு அந்தக் கல்லு வரைக்கும் ஓடியிருக்காரு. அதுக்கு மேல போவப்பிடாதே. அங்கன நின்னே கும்பிட்டு, பிள்ளை பொழைச்சா மணி கட்டுகேன்னு நேர்ச்சை வச்சிருக்காரு. நான் பொழைச்சிட்டேன். மணி வாங்கக் காசு சேரணும்னு எங்களையும் கூட்டிக்கிட்டுக் கப்பல் ஏறினவருதான், திரும்பி வரவே இல்ல. சாவும்போதும் இதே பேச்சு. நான் உள்ளே போவணும்னு வரல. அந்தக் கல்லுகிட்ட நிப்பேன். கோயில் ஆளு யாரையாவது கூப்பிட்டு, எங்க அப்பா பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லி மணியைக் குடுத்திருவேன். சத்தம் கேட்டாப் போதும். கல்லுகிட்ட நின்னே கேட்டுக்கிடுவேன்.”

அவ்வளவுதான் அவர் கேட்டது. ஒரு மணி அடிக்கிற சத்தம்.

மீரான் போய் என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றினான்.

அப்படியானால் முடியும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அந்த மாதங்களில் தெருவில் நடக்கும் உரிமை கேட்டு அங்கங்கே ஆட்கள் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் கோபம், அந்தப் பக்கம் பயம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கல்லின் பக்கத்தில் காவல்காரரோடு நாலைந்து பேர் கம்பு பிடித்து நின்றார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

கதவைத் திறந்து இறங்கியதும் நம்மவர் என்ன செய்தார் தெரியுமா? சாமி இருக்கும் திசையைப் பார்த்தார். தொப்பியை எடுத்தார். குனிந்து ஷூவைக் கழற்றினார். இரண்டையும் வண்டிப் படியில் வைத்துவிட்டு, மணிப்பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கல்லைப் பார்த்து நடந்தார்.

கம்புக்காரர்கள் நிமிர்ந்தார்கள். தெருவில் நடக்க உரிமை கேட்டு வருகிறவர்களும் அப்படித்தான் வெறுங்காலோடு வருவார்கள். ஒருவன் கம்பைக் கை மாற்றிப் பிடித்தான். காவல்காரர் என்னைப் பார்த்துக் கத்தினார்:

“எலே ஞானமுத்து! ஆளு யாருலே?”

பதில் சொல்ல எனக்கு இருந்த நேரம் மூச்சு விடுகிற நேரம்தான். நேர்ச்சை மணி கொண்டுவந்திருக்கிறார் என்று சொன்னால் எந்த ஊர் என்று கேட்பார்கள். ஊரைச் சொன்னால் கம்பு பேசும். வாயடைத்து நின்றாலும் கம்புதான் பேசும்.

“ஏமானே, பினாங்குல இருந்து வந்த வேதக்காரரு” என்றேன். “ஊரு பாக்க வந்தவரு. வேர்க்குதுன்னு தொப்பிய எடுத்தாரு.”

காவல்காரர் முகம் உடனே மாறியது.

“வேதக்காரரா? அப்பம் முன்னாலேயே சொல்லாண்டாமா? போகட்டும், போகட்டும். தொரை, ஷூவைப் போட்டுக்கிடும். தெருக்கல்லு சுடும்.”

கால் சுடுமே என்ற கரிசனம் தம்பிகளே! அதுவும் சற்று முன் மறித்த அதே காவல்காரரிடம்தான் இருந்தது.

நம்மவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. பிறகு வண்டிக்குத் திரும்பி வந்து ஷூவை மாட்டினார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். வேர்வையைத் துடைத்ததாகத்தான் அவர்கள் நினைத்திருப்பார்கள். திருநீறு போய்விட்டது.

கல்லைத் தாண்டி நடந்தோம். அவருடைய அப்பா ஓடி வந்து நின்ற இடத்தைத் தாண்டி, அந்தக் குடும்பத்தில் யாரும் கால் வைக்காத தெருவில், ஷூச் சத்தம் கேட்க நடந்தார். கோயில் வாசலில் ஒரு பணியாளர் வந்தார். சிரித்த முகம். “தொரை, இந்தப் படிக்கு மேல ஏறப்பிடாது. இங்கன நின்னு பாத்துக்கிடும். அந்தா தூரத்துல விளக்குத் தெரியுதுல்லா? அதுக்கு அங்க தான் சாமி.”

உள்ளே இருட்டுக்குள் இருட்டாக மண்டபங்கள், கடைசியில் ஒரு பொட்டு வெளிச்சம். நம்மவர் அதைப் பார்த்தார். பணியாளர் பையைப் பார்த்தார்.

“அதுல என்ன?”

நான் வாயைத் திறக்குமுன் நம்மவரே சொல்லிவிட்டார்: “தண்ணிக் கூஜா.”

பையைத் தரையில் வைத்தார். இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். மணிக்கட்டு வரைக்கும் விட்டு அமுக்கிக்கொண்டு நின்றார். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. வெளியே விட்டால் கைகள் கூப்பிவிடும். வேதக்காரர் அந்த வாசலில் கை கூப்பமாட்டார். கூப்பினால் நான் சொன்னது பொய்யாகிவிடும், திரும்பும்போது அடி எனக்கும் சேர்த்து விழும். என்னைக் காப்பாற்ற அவர் கைகளைப் பைக்குள் பூட்டிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு, “போவோம்” என்றார்.

அங்கிருந்து மீரான் வண்டியைக் கன்னியாகுமரிக்கு விட்டான். சூரியன் இறங்குகிற நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தோம். மற்ற நாளாயிருந்தால் மூன்று கடலும் கூடும் இடம் என்று நான் ஆரம்பித்திருப்பேன். அவர் பாறையில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்துச் சொன்னார்:

“தம்பி, நீங்க சொன்னது சரிதான். இல்லாட்டி அடி விழுந்திருக்கும். உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.”

கடலைப் பார்த்துக்கொண்டே மேலும் சொன்னார்:

“ஆனா பாருங்க, எங்க அப்பா கல்லுகிட்ட நின்னாவது கும்பிட்டாரு. நான் வாசல் வரைக்கும் போயிட்டுக் கும்பிடாம வந்துட்டேன்.”

மீரான் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இருட்டுவதற்கு முன் அந்தப் பையை எடுத்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார். “திரும்பக் கப்பல்ல இதைக் கொண்டு போவ மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் அந்தத் தெருவுல போலாம்லா. என்னைக்காவது எல்லாருக்கும் வாசல் தொறந்தா, அன்னைக்குக் குடுத்திருங்க. சும்மா ஒரு தடவை அடிச்சாப் போதும்.”

“குடுத்திருவோம் சார்” என்றான் மீரான். “என் மேல ஆணை.”

அதற்குப் பிறகு வருடங்கள் போயின. மணிப்பை மீரானின் வண்டிச் செட்டில் ஒரு ஆணியில் தொங்கியது. முன்பு டயரில் குத்த எடுத்த ஆணி அதுதான் என்பான். பினாங்கிலிருந்து வந்த யாரைப் பார்த்தாலும் விசாரிப்பான். ஒன்றும் தெரியவில்லை.

கோயில் நுழைவுக்கு மகாராஜாவின் விளம்பரம் வந்தது. கோயில் எல்லோருக்கும் திறந்தது. ஊரெல்லாம் கொட்டு. கல்லைத் தாண்டி ஜனங்கள் அழுதுகொண்டே ஓடினார்கள். கூட்டம் அடங்கிய பிறகு ஒரு காலையில் மீரான் வண்டியைக் கழுவித் துடைத்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான். “வாடே மக்கா, வாக்கை நிறைவேத்துவோம்.”

வாசலில் போய் நின்றோம். வேறு மதத்துக்காரர்களான எங்கள் இருவருக்கும் படிக்கு மேலே இடமில்லை. அது அன்றைக்கும் மாறவில்லை. அதைப் பற்றி எங்களுக்கு ஒன்றுமில்லை. கோயில் கணக்கர் வெளியே வந்தார். பையைத் திறந்து பார்த்தார். “நல்ல மணியாக்கும்” என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். “யாரு பேருல? நட்சத்திரம் என்ன?”

மீரான் என்னைப் பார்த்தான்.

அந்த நாள் முழுதும் நாங்கள் அவரைப் ‘பினாங்கு சார்’ என்றுதான் கூப்பிட்டோம். காலையில் இரண்டு இனிஷியலோடு ஏதோ பெயர் சொன்னார். ஊரைச் சொன்ன பிறகு அது என் காதில் நிற்கவில்லை. ஊர் தெரிந்த பிறகு தெரிய வேண்டியது ஒன்றும் பாக்கியில்லை என்றுதானே எங்களுக்குப் பழக்கம்? நேர்ச்சை வைத்த அப்பாவின் பெயரை நாங்கள் கேட்கவே இல்லை. கன்னியாகுமரிப் பாறையில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தும் கேட்கவில்லை.

“ஊரு தெரியும் சார்” என்றேன். விளையின் பெயரைச் சொன்னேன்.

கணக்கர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஊரை யாருவே கேட்டா? இனி ஊரு என்னத்துக்கு? பேரைச் சொல்லும்.”

அந்த விளைக்குப் போனோம். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கல்லுவரை ஓடி, பிறகு கப்பலேறியவர் யார் என்று கேட்டோம். கிழவர்கள் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். அவர்கள் சொன்னது எல்லாமே உண்மையாக இருக்கலாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கல்லுவரைக்கும் ஓடியவர் ஒருவரா என்ன? கப்பலேறியவரும் ஒருவரா என்ன?

திரும்பப் போனோம். கணக்கர் பாவம், நல்ல மனிதர். “விடும் ஓய், உம்ம பேருல எழுதிக்கிடுகேன். மணி தூங்காண்டாம்” என்றார்.

எனக்குச் சபலம் தட்டியது. மீரான்தான் பையை இழுத்துக்கொண்டான். “வேண்டாம். அன்னைக்கு இதே எடத்துல அவரு சாமிய மாத்தினோம். இப்பம் அவரு அப்பாவையும் மாத்தாண்டாம்” என்றான்.

மீரான் கண்ணை மூடிவிட்டான். அவனுடைய செட்டு இருந்த இடத்தில் இப்போது பெட்ரோல் பங்கு. பை என் வீட்டில் இருக்கிறது. நீங்கள் நாளைக்கு ஆளை ஏற்றும்போது சாப்பாட்டைக் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் பெயரைக் கேளுங்கள். அவர் பெயர், அப்பா பெயர், எதற்காக வந்தார் என்பது. அதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை புளி போட்டு அந்த மணியைத் துலக்குகிறேன். பினாங்கிலிருந்து யாராவது வருவதாகக் கேள்விப்பட்டால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். நாக்கில் சுற்றிய துணி இற்றுப்போய் நூல் நூலாகத் தொங்குகிறது. துலக்கும்போது கைபட்டு அடித்துவிடாமல், விரலால் நாக்கைப் பிடித்துக்கொண்டுதான் துலக்குகிறேன்.